கதவுகள் திறந்த வரிசை



பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மூடிய நாளிலிருந்தே தொடங்குகின்றனர். 2020 மார்ச் 18 என்று சொன்னாலே மலேசியர் அனைவருக்கும் நினைவு வந்துவிடும். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த நாள் அது. ஆனால், திறந்த நாள் எது என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு தேதி சொல்வார்கள். உணவகம் நடத்துபவருக்கு அது 2020 மே 4. முடிதிருத்தகம் வைத்திருப்பவருக்கு ஜூன் 10. ஐந்தாம் படிவ மாணவருக்கு ஜூன் 24. எங்கள் முதலாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு ஜூலை 22. சிங்கப்பூரில் வேலை செய்துவந்த ஜொகூர்க்காரருக்கோ 2022 ஏப்ரல் 1.

ஒரு நாடு தன் கதவுகளை எந்த வரிசையில் திறந்தது, திறக்கும்போது எந்தக் கதவுக்குக் காவல் வைத்தது, எதை மறந்தது என்பதே இப்பதிவின் பொருள். வரலாற்றுப் பாடத்தில் இது இன்னும் ஏறவில்லை. அந்நாள்களில் பள்ளி வாயிலில் வெப்பமானியோடு நின்றவர்களில் நானும் ஒருவன் என்பதால், எழுதி வைப்பது கடமை எனக் கருதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்ச் 16 இரவு பிரதமர் டான் ஸ்ரீ முஹிடின் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி ஆணையை அறிவித்தார். 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டமும் 1967ஆம் ஆண்டின் காவல்துறைச் சட்டமும் அதற்கு அடிப்படையாயின. இரண்டு வாரம் என்றார்கள். பிறகு ஏப்ரல் 14 வரை, ஏப்ரல் 28 வரை, மே 12 வரை என்று ஆணை நீண்டது. வீட்டுக்கு ஒருவர் மட்டும், அதுவும் பத்துக் கிலோமீட்டருக்குள் மட்டும் பொருள் வாங்கப் போகலாம். கடைகளில் எந்தக் கீரைக்கு எந்தப் பெயர் என்று தெரியாமல் குடும்பத் தலைவர்கள் கைப்பேசியோடு விழித்துக்கொண்டு நின்றது அந்தக் காலத்துச் சிரிப்புகளில் ஒன்று.

திறப்பது பற்றிய பேச்சு ஏப்ரல் மாதத்திலேயே தொடங்கிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் அம்மாதத்தின் நடுவில் ஆறு அளவுகோல்களை வெளியிட்டது. பரவல் கட்டுக்குள் இருக்க வேண்டும். நோயாளியைக் கண்டறிந்து, சோதித்து, தனிமைப்படுத்தி, மருத்துவம் அளித்து, தொடர்பில் இருந்தவரைத் தேடிப் பிடிக்கும் ஆற்றல் வேண்டும். மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்று மனிதர்கள் நெருங்கி வாழும் சிறப்பிடங்களில் ஆபத்து குறைக்கப்பட்டிருக்க வேண்டும். பள்ளியிலும் பணியிடத்திலும் தற்காப்பு ஏற்பாடுகள் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் தொற்றைக் கையாள வழி வேண்டும். கடைசியாக, மக்கள் விவரம் அறிந்து ஒத்துழைக்க வேண்டும். நம் சுகாதார அமைச்சின் தலைமை இயக்குநர் டான் ஸ்ரீ டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லாவும் அந்நாள்களில் அன்றாடச் செய்தியாளர் சந்திப்பில் இத்தகைய ஆறு கூறுகளைப் பற்றிப் பேசினார்.

இந்த ஆறில் மூன்றாவதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மனிதர்கள் நெருங்கி வாழும் சிறப்பிடங்கள். நான் சொல்ல வந்த கதை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

ஏப்ரல் 10 அன்று ஒரு விந்தை நிகழ்ந்தது. ஆணை மேலும் நீட்டிக்கப்பட்ட அதே வேளையில், முடிதிருத்தகங்களைக் கடும் நிபந்தனைகளோடு திறக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. மகிழ்ச்சியடைய வேண்டிய முடிதிருத்துவோரே அதற்குத் தயங்கினர். ஒரு மீட்டர் இடைவெளியில் நின்றுகொண்டு எவ்வாறு முடி வெட்டுவது என்று கேட்டனர். வருமானமின்றி ஒரு மாதம் ஓடியிருந்த நிலையிலும் எழுந்த கேள்வி அது. நம் இனத்தார் பலர் ஈடுபட்டிருக்கும் தொழில் ஆகையால் அதன் வலி நமக்குத் தெரியும். சில நாள்களிலேயே அந்த அனுமதி மீட்டுக்கொள்ளப்பட்டது. தொழிலை அறிந்தவரிடம் கேட்டபின் அறிவித்திருந்தால் அந்தக் குழப்பமே நேர்ந்திராது என்பது என் எண்ணம்.

மே 1, தொழிலாளர் தின உரையில் பிரதமர் பெரிய கதவைத் திறந்தார். நாளொன்றுக்கு 240 கோடி ரிங்கிட் இழப்பு, அதுவரை மொத்தம் 6,300 கோடி ரிங்கிட் என்று கணக்குச் சொன்னார். மே 4 முதல் நிபந்தனைக்குட்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. பெரும்பாலான தொழில்கள் இயங்கலாம். மூன்று நாள் இடைவெளியில் வந்த இந்த அறிவிப்பை ஏற்க மாநிலங்கள் பலவும் ஆயத்தமாக இல்லை. சபா, சரவாக், கெடா, கிளந்தான், பகாங் போன்றவை தயங்கின. பினாங்கு தனக்கென ஒரு படிநிலை அட்டவணையை வகுத்துக்கொண்டது. சிலாங்கூர் உணவகத்தில் அமர்ந்து உண்ண உடனே அனுமதிக்கவில்லை. அவசரப்பட வேண்டாம் என்று இணைய மனுவில் இலட்சக்கணக்கானோர் ஒப்பமிட்டனர். மூடும்போது ஒரே குரலில் மூடிய நாடு, திறக்கும்போது பல குரலில் பேசியது.

அதே மே 1ஆம் நாளில் மற்றொன்றும் நடந்தது. கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்தில், கடுமையாக்கப்பட்ட ஆணையின்கீழ் முள்வேலி சூழ அடைபட்டிருந்த கட்டடங்களின் பகுதியில், குடிநுழைவுத் துறை சோதனை நடத்தி ஆவணமில்லா அந்நியத் தொழிலாளர்களைப் பிடித்துச் சென்றது. பிடிபட்டோர் தடுப்பு முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அம்மாதம் முடிவதற்குள் புக்கிட் ஜாலில் குடிநுழைவுத் தடுப்பு முகாமில் தொற்றுத் திரள் உருவாயிற்று. ஜூன் 4 அன்று நாட்டில் 277 புதிய தொற்றுகள் பதிவாயின. அதுவரை ஒரே நாளில் பதிவானவற்றுள் அதுவே ஆக அதிகம். அவற்றுள் பெரும்பாலானவை அந்த முகாமுக்குள் இருந்தவை.

அன்றைய செய்தியறிக்கைகளை இப்போது எடுத்துப் படித்தால் ஒன்று கண்ணில் படும். எண்ணிக்கையைச் சொன்னதும், ‘இவர்களுள் மலேசியர் இத்தனை பேர், வெளிநாட்டவர் இத்தனை பேர்’ என்று ஒரு வரி வரும். நாமும் அந்த வரியைக் கேட்டு நிம்மதியாக மூச்சு விட்டோம். ஆறு நாள் கழித்து, ஜூன் 10 அன்று, மீட்சிநிலை ஆணை தொடங்கியது. மாநிலம் விட்டு மாநிலம் போகலாம் என்றாயிற்று. ஊருக்குப் போகும் நெடுஞ்சாலையெங்கும் வாகனங்கள். முகாமுக்குள் இருந்தவர்களை நாட்டுக்கு வெளியே இருந்தவர்களாகவே நாம் கணக்கிட்டோம். நச்சுயிரிக்கு அந்தக் கணக்கு தெரியாது. முகாமில் கைதிகள் மட்டுமல்லர். காவலர் உண்டு, சமையல்காரர் உண்டு, மாலையில் வீடு திரும்புகின்ற பலர் உண்டு.

ஜூலை 1ஆம் நாள் நாடு முழுவதிலும் பதிவான புதிய தொற்று ஒன்றே ஒன்று. அந்த நாளை மறக்க இயலாது. ஆசிரியர்களின் புலனக் குழுவில் வாழ்த்துப் படங்கள் குவிந்தன. அதே நாளில்தான் கல்வியமைச்சர் டாக்டர் முகமட் ரட்ஸி ஜிடின் பள்ளித் திறப்பின் அடுத்த கட்டத்தை அறிவித்தார்.

பள்ளித் திறப்பின் வரிசையை இங்கே சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். முதலில், ஜூன் 24 அன்று, எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். போன்ற பெருந்தேர்வு எழுதும் மாணவர்கள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் பள்ளிக்குத் திரும்பினர். அடுத்து ஜூலை 15 அன்று இடைநிலைப்பள்ளியின் மற்றப் படிவங்களும் தொடக்கப்பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளும். கடைசியாக ஜூலை 22 அன்று முதலாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை. ஒரே வேளை, இரண்டு வேளை, சுழற்சி முறை என மூன்று வழிகளை அமைச்சு முன்வைத்தது. எதைத் தேர்ந்துகொள்வது என்பதைப் பள்ளியின் இடவசதி முடிவு செய்தது.

தேர்வு எழுதுவோர் முதலில் என்பது நிர்வாகத்தின் கண்ணுக்கு நியாயமான வரிசை. பெரிய பிள்ளைகளுக்கு இடைவெளி விட்டு அமரச் சொன்னால் புரியும். சிறு பிள்ளைகளுக்குப் புரியாது என்ற காரணமும் சொல்லப்பட்டது. இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் பதினேழு வயது மாணவன் ஒரு நூலைத் தானே எடுத்துப் படிக்க முடியும். ‘அ’ எழுதக் கற்றுக்கொண்டிருக்கும் ஏழு வயதுப் பிள்ளையால் அது முடியாது. ஆசிரியர் பக்கத்தில் இல்லாவிட்டால் யாருக்கு இழப்பு அதிகம் என்ற கேள்வியிலிருந்து தொடங்கியிருந்தால் வரிசை தலைகீழாக அமைந்திருக்கும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வே அவ்வாண்டு ஏப்ரலில் ரத்து செய்யப்பட்டுவிட்டதால், தொடக்கப்பள்ளியை அவசரமாகத் திறக்க வேண்டிய ‘காரணம்’ எதுவும் அட்டவணையில் மிஞ்சவில்லை போலும். தேர்வு இல்லாத இடத்தில் கல்வியும் காத்திருக்கலாம் என்று நாம் எவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்டோம்!

திறந்தபோது ஏற்பாடுகளில் குறை இல்லை. வாயிலில் வெப்பநிலை பார்த்தோம், 37.5 பாகையைத் தாண்டினால் தனியறை. மேசைகளுக்கிடையே ஒரு மீட்டர். தரையில் ஒட்டுநாடாவால் கோடுகள், நிற்குமிடத்தில் காலடிப் படங்கள். சபைகூடல் இல்லை, புறப்பாட நடவடிக்கை இல்லை, விளையாட்டு இல்லை. ஓய்வு நேரத்தில் உணவு வகுப்பறைக்கே வந்தது. பிள்ளைகள் அழிப்பானைக்கூட இரவல் கொடுக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தோம். ஆசிரியத் தொழிலுக்கு வந்து இருபது ஆண்டுகளாக ‘பகிர்ந்து கொள்ளுங்கள்’ என்று சொன்ன வாயால் அதைச் சொல்வது எளிதாக இல்லை. இந்தக் கதவுக்கு நாங்கள் வைத்த காவல் அவ்வளவு கடுமையானது.

மற்றக் கதவுகளைப் பார்ப்போம்.

ஏப்ரல் தொடக்கம் முதல் வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் அரசாங்கத்தின் தனிமைப்படுத்தும் நிலையங்களில் பதினான்கு நாள் தங்க வேண்டியிருந்தது. ஜூன் 10இல் அது தளர்த்தப்பட்டது. சோதனையில் தொற்று இல்லையெனில் வீட்டிலேயே தனித்திருக்கலாம். ஜூலையில் இந்தியாவிலிருந்து திரும்பிய கெடாவைச் சேர்ந்த உணவக உரிமையாளர் ஒருவர் அந்த விதியை மீறித் தம் கடைக்குச் சென்றார். நாற்பத்தைந்து பேருக்குத் தொற்று ஏற்பட்டது. சுகாதார அமைச்சு அதற்குச் ‘சிவகங்கை’ எனப் பெயரிட்டது. நம்மவர் ஊர்ப்பெயர் ஒன்று நோயின் பெயராய்ச் செய்தியில் ஒலித்ததைக் கேட்கச் சங்கடமாகத்தான் இருந்தது. அவருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன. தண்டனையைப் பற்றிப் பேசியவர்கள் பலர். ஆனால் ஜூலை 24 முதல் நாட்டுக்குள் வருவோர் மீண்டும் நிலையங்களில்தான் தங்க வேண்டும் என்று விதி மாறியதே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தளர்த்தியது பொருந்தவில்லை என்று தெரிந்ததும் அந்த ஒரு கதவை மட்டும் மீண்டும் மூடினார்கள். நாட்டையே மூடவில்லை. அவ்வாண்டில் நடந்த திறப்புகளுள் நன்கு கையாளப்பட்டது இதுவே என்று நான் மதிப்பிடுகிறேன்.

செப்டம்பரில் நிலைமை வேறு. சபா மாநிலத்தின் லஹாட் டத்து காவல் நிலையத் தடுப்பறையிலும் தவாவ் சிறையிலும் தொற்றுத் திரள் கண்டறியப்பட்டது. அதே மாநிலத்தில் செப்டம்பர் 26 அன்று சட்டமன்றத் தேர்தல். தீபகற்பத்திலிருந்து அரசியல்வாதிகளும் தொண்டர்களும் சென்றனர், திரும்பினர். திரும்பியோருக்குக் கட்டாயத் தனிமை இல்லை. பின்னர் கெடாவில் அலோர் ஸ்டார் சிறையில் மற்றொரு பெருந்திரள். அதற்குத் ‘தெம்போக்’ என்று பெயர், மலாய்மொழியில் சுவர் என்று பொருள். அக்டோபர் 6 அன்று புதிய தொற்று 691. நவம்பரில் கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளர் விடுதிகளில் பரவி, அந்தத் திரள் மட்டும் ஐயாயிரத்தைத் தாண்டிற்று. சபா தேர்தல் மூன்றாம் அலைக்கு ஒரு காரணம் என்று பிரதமரே நவம்பரில் ஒப்புக்கொண்டார்.

சிறை, தடுப்பு முகாம், தொழிலாளர் விடுதி. உலகச் சுகாதார நிறுவனம் சொன்ன மூன்றாவது அளவுகோல் நினைவிருக்கிறதா? ஓர் அறையில் பலர் படுத்துறங்கும் இடங்கள். தொழிலாளர் தங்குமிடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. சட்டம் 446 என்பது அதன் எண். பள்ளி மேசைகளுக்கிடையே மீட்டர் கோலால் அளந்த நாட்டில், விடுதிக் கட்டில்களுக்கிடையே யாரும் அளக்கவில்லை.

இவ்விடத்தில் இருபது ஆண்டுக்கு முந்தைய நிகழ்வொன்றைச் சொல்லியாக வேண்டும். 1998 செப்டம்பரில் ஈப்போ சுற்றுவட்டாரத்தில் பன்றிப் பண்ணையாளர்கள் மூளைக்காய்ச்சல் கண்டு இறந்தனர். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதி, புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். கொசுவுக்குக் காவல் இருந்தது. பன்றிகளின் பயணத்துக்கு இல்லை. நோயுற்ற பன்றிகள் விற்கப்பட்டு நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை சென்றன. அங்கேதான் மரணம் பெருகியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அது புதிய நச்சுயிரி எனக் கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயர் அதற்கு இடப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர். ஏறத்தாழ பத்து இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. அப்போது நோய் எதுவென்றே தெரியாமல் தவறான வாயிலில் காத்திருந்தோம். 2020இல் நோய் எதுவென்று தெரியும், அது எங்கே தங்கும் என்பதும் எழுத்தில் இருந்தது. ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதன் விலையைக் கொடுத்தது யார்? சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயாவில் அக்டோபர் 14 முதல் மீண்டும் நிபந்தனைக்குட்பட்ட ஆணை, பள்ளிகள் மூடப்பட்டன. நவம்பர் 8 மாலையில் அறிவிப்பு வந்தது: மறுநாள் முதல் நாடெங்கும் அனைத்துப் பள்ளிகளும் ஆண்டிறுதி வரை மூடப்படும். சிவப்பு மண்டலம், பச்சை மண்டலம் என்ற வேறுபாடு இல்லை. ஆயிரத்தைந்நூறு மாணவர் பயிலும் நகரப் பள்ளிக்கும், முப்பது மாணவர் பயிலும் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கும் ஒரே ஆணை. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நம் தமிழ்ப்பள்ளிகளுள் குறைந்த மாணவர் எண்ணிக்கை கொண்டவை பல. மாணவர் குறைவு என்பதைக் காலமெல்லாம் குறையாகவே கேட்டுவந்த பள்ளிகள் அவை. இடைவெளி விட்டு அமரும் காலத்திலாவது அது ஒரு நலமாய் அமைந்திருக்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2020இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை, மார்ச் 18 முதல் ஜூலை 22 வரை பதினெட்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை. ஜூலை 22 முதல் நவம்பர் 8 வரை ஏறத்தாழப் பதினைந்தரை வாரம் வந்தது. சிவப்பு மண்டலமாயின் அதுவுமில்லை. பிறகு தொடக்கப்பள்ளியின் கீழ்நிலை ஆண்டுகள் 2021 மார்ச் 1 அன்று திறக்கும்வரை, ஆண்டிறுதி விடுமுறையும் சேர்த்துப் பதினாறு வாரம் வீட்டில். மே மாதத்தில் மீண்டும் மூடல். இணையத்தில் கற்பித்தோமே என்பீர்கள். கல்வியமைச்சு ஒன்பது இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான மாணவரின் பெற்றோரிடம் நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை எனத் தெரிந்தது. கருவி இருந்த வீட்டிலும் அது பெரும்பாலும் ஒரு கைப்பேசி; அதுவும் தந்தை வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும். இரவு ஒன்பது மணிக்கு வீட்டுப்பாடப் படங்கள் என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்ததன் காரணம் அதுதான்.

2021ஆம் ஆண்டைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. ஜனவரி 12இல் நெருக்கடிநிலைப் பிரகடனம். அம்மாதம் 28ஆம் நாள் தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடி இல்லை, பக்தர் கூட்டம் இல்லை. ஜூன் 1இல் முழு முடக்கம். அப்போதும் தொழிற்சாலைகள் பலவற்றுக்கு அறுபது விழுக்காட்டு ஊழியரோடு இயங்க அனுமதி இருந்தது. ஜூன் இறுதியில் வீட்டு வாசல்களில் வெள்ளைக்கொடிகள் தொங்கின; உணவில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லக் கூசியவர்கள் அவற்றைக் கட்டினார்கள். ஆகஸ்ட் 26 அன்று ஒரே நாளில் 24,599 தொற்றுகள்.

ஆனால் அவ்வாண்டில் திறப்பு முறை ஒரு வகையில் மேம்பட்டது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஜூன் 15 அன்று அறிவிக்கப்பட்ட தேசிய மீட்புத் திட்டத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. தேதி அல்ல, அளவுகோல்தான் கதவைத் திறக்கும் என்றார்கள். அன்றாடத் தொற்று 4,000க்குக் கீழ் வந்து, பத்து விழுக்காட்டினர் இரண்டு ஊசியும் போட்டிருந்தால் இரண்டாம் கட்டம். 2,000க்குக் கீழும் நாற்பது விழுக்காடும் என்றால் மூன்றாம் கட்டம். 500க்குக் கீழும் அறுபது விழுக்காடும் என்றால் நான்காம் கட்டம். தீவிரச் சிகிச்சைப் பிரிவின் நிலையும் பார்க்கப்பட்டது. தடுப்பூசி பெருகியபின் வெறும் தொற்று எண்ணிக்கை பொருளற்றதாகிவிட்டதால், மருத்துவமனையில் சேர்க்கப்படுவோரின் எண்ணிக்கைக்கு மாறினார்கள். இடையில் அளவுகோலை மாற்றியதைப் பலர் குறை கூறினர். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. எதை அளக்கிறோம் என்பதை ஊரறியச் சொல்லிவிட்டு, காரணத்தோடு மாற்றுவது, சொல்லாமல் திறப்பதைவிட மேலானது. பெரியவர்களில் தொண்ணூறு விழுக்காட்டினர் ஊசி போட்டு முடித்ததும், அக்டோபர் 11 முதல் மாநிலம் கடந்து பயணம் செய்யலாம் என்றாயிற்று. சொன்னபடி எண் வந்தது, சொன்னபடி கதவு திறந்தது. செப்டம்பரில் திறப்பதாக இருந்த பள்ளிகள் மட்டும் அக்டோபருக்குத் தள்ளிப்போயின. அதுவும் பாதி மாணவர், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்.

ஆகக் கடைசியில் திறந்த கதவு எங்கள் ஜொகூரில் இருக்கிறது. பெருந்தொற்றுக்கு முன் நாள்தோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் கடற்பாலத்தைக் கடந்து வந்தனர். மார்ச் 18க்கு முதல் நாள் இரவு, வேலையை இழக்க முடியாதவர்கள் ஒரு பையோடு சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள். இரண்டு வாரம்தானே என்று போனவர்கள். ஆகஸ்ட் 17 முதல் ஓர் ஏற்பாடு வந்தது: மூன்று மாதம் அங்கே தங்கி வேலை செய்தால் விடுப்பில் இங்கே வரலாம், வந்தால் தனிமைப்படுத்திக்கொள்ள வேண்டும், திரும்பினால் மீண்டும் தனிமை. கூலித் தொழிலாளி எத்தனை முறை அப்படி வர முடியும்? 2021 நவம்பர் 29 அன்று தடுப்பூசி போட்டவர்களுக்கான பேருந்துப் பயணம் தொடங்கியது. முதலில் நாளொன்றுக்கு ஒரு திசையில் 1,440 பேர். மூன்று இலட்சத்துக்கு முன் 1,440!

என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். அவள் தந்தை அங்கே கப்பல் பட்டறையில் வேலை. முதலாம் ஆண்டின் முதல் பருவத்தில் தந்தையின் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வந்து இறங்கியவள், மூன்றாம் ஆண்டுக்குப் போகும்போதுதான் அவரை மீண்டும் நேரில் பார்த்தாள். ‘என் குடும்பம்’ கட்டுரையில், அப்பா கைப்பேசியில் இருக்கிறார் என்று எழுதியிருந்தாள். அதில் பிழை ஏதுமில்லாததால் சரிக்குறி இட்டுக் கொடுத்தேன்.

2022 மார்ச் 31 நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்பு எல்லை திறந்தது. மோட்டார் சைக்கிள்கள் வரிசை பிடித்து நின்று, திறந்ததும் ஒலியெழுப்பிக்கொண்டே பாலத்தில் ஏறின. மறுநாள் முதல் நாடு எண்டமிக் நிலைக்கு மாறும் கட்டத்தில் இருப்பதாக அரசாங்கம் அறிவித்தது. மே 1 முதல் மைசெஜாத்ராவில் வருகைப்பதிவு தேவையில்லை. வெளியிடங்களில் முகக்கவசம் அவரவர் விருப்பம். செப்டம்பர் 7 முதல் உள்ளிடங்களிலும் அவ்வாறே. வகுப்பறையும் அதில் அடங்கும்.

லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் கற்பிக்கும்போது ஆசிரியரின் வாயைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். நா எங்கே தொடுகிறது, எங்கே மடிகிறது என்பதைப் பார்த்துத்தான் அவர்கள் ஒலிப்பார்கள். முதலாம் ஆண்டில் அவர்களுக்கு நான் அதைக் கற்பித்தது முகக்கவசத்துக்குப் பின்னால் இருந்தும், நின்று நின்று வரும் காணொளியிலும்தான். 2022 செப்டம்பரில் அவர்கள் மூன்றாம் ஆண்டில் இருந்தார்கள். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ‘பழம்’ என்ற சொல்லிலிருந்து மீண்டும் தொடங்கினேன். மூன்று எழுத்தையும் ஒழுங்காகப் பிரித்து ஒலிக்க ஆறு வாரம் பிடித்தது.